சந்தை ஏலம் யார் பெயரில்?

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வேப்பூர் கூட்டுரோடு பரபரப்பாகிவிடும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம்–விருத்தாசலம் சாலையும் சந்திக்கும் இந்த ஊரின் ஆட்டுச் சந்தை கடலூர் மாவட்டத்தில் பெயர்பெற்றது. குட்டியானை வண்டிகளில் வெள்ளாடும் செம்மறியும் வந்து இறங்குகின்றன. வியாபாரி ஆட்டின் முதுகை அமுக்கிப் பார்க்கிறார், வாயைப் பிரித்துப் பல்லைப் பார்க்கிறார், ஒரு விலை சொல்கிறார். வளர்த்தவர் கயிற்றை விடாமல் தலையாட்டி மறுக்கிறார். தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கும் வாரங்களில் விற்பனை கோடிகளைத் தொட்டதாக நாளிதழ்களில் செய்தி வரும்.

அந்தச் செய்திகளில் வராத கேள்வி ஒன்று உண்டு. சந்தைக்குள் நுழையும் ஆட்டுக்கு இவ்வளவு என்று சுங்கச் சீட்டுக் கிழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? தமிழ்நாட்டின் வாரச் சந்தைகள் பெரும்பாலானவற்றில் இந்த வசூல் உரிமையை உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் ஏலம் விடுகின்றன. சந்தை மட்டுமல்ல, ஏரி மீன் குத்தகை, புளியமர மகசூல், பேருந்து நிலையக் கடைகள், கட்டணக் கழிப்பிடம், இருசக்கர வாகனக் காப்பகம் எல்லாம் ஏலத்தில்தான் போகின்றன. வேப்பூர் ஏலத்தைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. எந்த ஊரிலும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அறிய, தலைவர் அறையின் பெயர்ப்பலகையைவிட ஏலப் பதிவேடுதான் நம்பகமான ஆவணம் என்பதே நான் சொல்லவருவது. முப்பது ஆண்டுகளாக உள்ளாட்சியில் பதவிகளைச் சாதிவாரியாக ஒதுக்கீடு செய்திருக்கிறோம். அந்தப் பதவி வழியாகப் புழங்கும் பணத்தில் யாருக்குப் பங்கு என்ற கேள்வியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

நாற்காலிக்கே நடந்த போர்

அரசமைப்புச் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-ல் முதல் தேர்தல் நடந்தது. பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டவுடன் என்ன நடந்தது என்பது ஊரறிந்த வரலாறு. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது உடன்வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் முறையாகத் தலைவரை அமர்த்த முடியவில்லை. 2006-ல்தான் அது சாத்தியமாயிற்று.

இவை தெற்கத்திக் கதைகள், நம் பக்கம் அப்படியில்லை என்று கடலூர் மாவட்டத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மாநிலத்தில் 20 சதவீதம். இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 29 சதவீதம். எண்ணிக்கை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. ஆனால், 2020 அக்டோபரில் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் வெளியானபோது, வார்டு உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பட்டியல் சாதிப் பெண்ணான தலைவர் தரையில் இருந்தார். வழக்கு, இடைநீக்கம், கைது எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. 2022-ல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 386 ஊராட்சிகளில் நடத்திய ஆய்வு, 22 ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர்களுக்கு உட்கார நாற்காலியே இல்லை என்றது. அந்த ஆண்டு சுதந்திர தினத்துக்கு முன்பு, இவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலிக்கும் கொடிக்கயிற்றுக்குமே இவ்வளவு போராட்டம் என்பதால், நம் கவனம் முழுவதும் அங்கேயே நின்றுவிட்டது. தலைவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டாரா? அமர்ந்துவிட்டார். படம் எடுத்தாயிற்றா? எடுத்தாயிற்று. அதன்பிறகு அந்த மேசைக்கு எந்தக் கோப்பு வருகிறது, எது வராமலே முடிகிறது என்று கேட்பாரில்லை.

கையெழுத்து எங்கே சிக்குகிறது?

ஊராட்சியில் தலைவர் மட்டும் கையெழுத்திட்டால் காசோலை செல்லாது. துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால், தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, ஒதுக்கீட்டு ஊராட்சிகள் பலவற்றில் தலைவர் சேரியிலிருந்தும் துணைத் தலைவர் ஊர்த்தெருவின் செல்வாக்கான குடும்பத்திலிருந்தும் வருகிறார்கள். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் மோட்டார் பழுதுபார்த்தவருக்குப் பணம் போகாது, தெருவிளக்கு எரியாது, குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் நிற்கும். "இந்தத் தலைவர் வந்து ஒன்றும் நடக்கவில்லை" என்ற பேச்சு தானாகப் பிறக்கும். சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் வீட்டில் இருப்பதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

அடுத்தது ஏலமும் ஒப்பந்தமும். ஏல அறிவிப்பை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். டேவணித்தொகைக்கு வரைவோலை எடுக்க வேண்டும். பல இடங்களில் சொத்து மதிப்புச் சான்று, அதாவது சால்வன்சி, கேட்கிறார்கள். எடுத்த தொகையில் பெரும்பகுதியை உடனே கட்ட வேண்டும். எந்தச் சாதியும் இதில் விலக்கப்படவில்லை. பட்டா நிலமும் கையில் ரொக்கமும் இல்லாதவர்கள் மட்டும் தாமாகவே விலகிவிடுகிறார்கள். நிலம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 1892-ல் வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப்போய், அதை மீட்கும் கோரிக்கை இன்றும் ஓயாத மண் இது. முன்கூட்டியே பேசிவைத்து ஒருவர் மட்டும் கேட்பதும், வெளியாள் யாரும் கேட்கக்கூடாது என்று ஊர்க்கட்டு போடுவதும் ஏலங்களில் புதிதல்ல.

சாலை, வடிகால், சமுதாயக் கூடம் போன்ற வேலைகளுக்கு 1998-ல் இயற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. சட்டம் விலைப்புள்ளியை வெளிப்படையாக்கியது; போட்டியிடும் தகுதியைப் பரவலாக்கவில்லை. பதிவுபெற்ற ஒப்பந்ததாரராக வேண்டுமென்றால் முன் அனுபவம் வேண்டும். அனுபவம் வேண்டுமென்றால் யாராவது முதல் வேலையைத் தர வேண்டும். வேலை முடிந்தால் ஓவர்சியர் அளந்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பில் நகர வேண்டும். அதுவரை சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கடன் தாங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியிலும் ஆளில்லாதவர் அடிமாட்டு விலைக்கு உள் ஒப்பந்தம் எடுத்து, இன்னொருவர் பெயரில் மேஸ்திரி வேலை பார்க்கிறார்.

வேப்பூர் போன்ற ஊரில் இன்னொன்றும் சேர்கிறது: நிலத்தின் விலை. நெடுஞ்சாலை நான்குவழியாகி, ஊர் தாலுகாவின் தலைமையிடமும் ஆனபின் கூட்டுரோட்டுச் சதுர அடிக்குத் தனி மதிப்பு. ஒரு அரசு அலுவலகமோ பேருந்து நிலையமோ சாலையின் எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பொறுத்துச் சிலருடைய மூன்று தலைமுறை நிலைமை மாறும். இந்த முடிவுகள் கிராமசபையில் எடுக்கப்படுவதில்லை. ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. எந்த இடத்தில் எது வரவேண்டும் என்ற கேள்வி அதன் பொருள்நிரலில் இருந்ததாக யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

நகராட்சியில் நடப்பது

ஊராட்சியில் மக்களே தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகர்ப்புறத்தில் அதுவும் உறுதியில்லை. மேயரையும் நகராட்சித் தலைவரையும் 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆளும் கட்சிகள் தம் வசதிக்கேற்பச் சட்டத்தைத் திருப்பித் திருப்பி எழுதின. மறைமுகத் தேர்தலில் தலைவர் பதவி யாருக்கு என்பதைக் கட்சித் தலைமையும், அதைக் காப்பாற்றிக் கொடுப்பதைக் கவுன்சிலர்களின் கணக்கும் தீர்மானிக்கின்றன.

கடலூர் மாவட்டம் இதற்கும் சாட்சி. 2022 மார்ச்சில் நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவியைத் திமுக, கூட்டணிக் கட்சியான விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கியது. வாக்கெடுப்பில் திமுகவைச் சேர்ந்தவரே எதிர்த்து நின்று வென்றார். மாநிலத்தின் வேறு சில ஊர்களிலும் இதுபோல் நடக்க, குற்ற உணர்ச்சியால் குறுகி நிற்பதாக முதல்வர் ஸ்டாலின் அறிக்கை விட்டார். வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்றும் சொன்னார். தலைமை கொடுத்த வாக்கை உள்ளூர்க் கவுன்சிலர்கள் இப்படித் தூக்கி எறிவதற்குச் சொந்த ஆசை, பணம், கோஷ்டிப் பூசல் என்று பல காரணம் சொல்லலாம். ஆனால், நகராட்சி என்பது கோடிகளில் ஒப்பந்தம் விடும் அமைப்பு என்பதையும், அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்று ஊருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது என்பதையும் கழித்துவிட்டு இதை விளக்க முடியாது. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் ஒரே நாளில் பதவி விலகினார்கள்; இடையில் வாக்காளர் தீர்ப்பு எதுவும் நடக்கவில்லை. கவுன்சிலர்களாலும் கட்சியாலும் எந்த நாளும் இறக்கப்படக்கூடிய பதவியில், சமூக பலம் குறைந்தவர் எவ்வளவு துணிந்து முடிவெடுப்பார்?

அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதை 1983-லேயே பார்த்துவிட்டது. அங்கே முதல் கறுப்பின மேயராக ஹரோல்ட் வாஷிங்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாமன்றத்தில் 50 உறுப்பினர்கள். அவர்களில் 29 பேர் தனி அணியாகத் திரண்டு, மேயரின் நியமனங்களையும் திட்டங்களையும் வரிசையாக முடக்கினார்கள். அந்த அணியில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்கள். மேயரின் சொந்தக் கட்சிக்காரர்கள். நீதிமன்ற உத்தரவால் வார்டு எல்லைகள் மாற்றப்பட்டு 1986-ல் சில வார்டுகளுக்கு மறுதேர்தல் நடந்த பிறகே அவருக்கு மூச்சுவிட வழி கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அங்கே நிறம், இங்கே சாதி. மன்றக் கூட்டத்தில் கையாளும் உத்தி மட்டும் அப்படியே ஒத்துப்போகிறது.

அட்லாண்டா முதல் பெங்களூரு வரை

அதே நாட்டில் எதிர்ப்பாடமும் உண்டு. 1973-ல் அட்லாண்டாவின் மேயராகத் தேர்வான மேனார்ட் ஜாக்சன், நகரின் புதிய விமான நிலையக் கட்டுமானத்தில் 25 சதவீத ஒப்பந்தங்கள் சிறுபான்மை இனத்தவர் நிறுவனங்களுக்குப் போகவேண்டும் என்று நிபந்தனை போட்டார். பெரும் நிறுவனங்களும் வங்கிகளும் கொதித்தன. வேலை நின்றுபோகும், செலவு எகிறும் என்றன. அவர் அசையவில்லை. 1980-ல் புதிய முனையம் திறந்தது. அந்த ஒப்பந்தங்கள் வழியாக வளர்ந்த கறுப்பினத் தொழில்முனைவோர் கூட்டம் அந்நகரின் பொருளாதாரத்தில் இன்றும் தனித்துத் தெரிகிறது. நாற்காலி கிடைத்த ஒருவர் அதை ஒப்பந்தமாக மாற்றிக் காட்டினார்.

அந்த யோசனை இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்க அனுபவத்தை முன்வைத்து 2002-ல் போபாலில் நடந்த தலித் மாநாடு, அரசுக் கொள்முதலில் பங்கு கேட்டது. கர்நாடகம் அதைச் சட்டமாகவே ஆக்கியது: 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கியது. பின்னர் அந்த உச்சவரம்பு ஒரு கோடியாக உயர்ந்தது. சமூகநீதிக்கு முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாடு, வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் 69 சதவீதத்தைக் காத்துநிற்கிறது. ஒப்பந்தத்தில் இந்த வழிக்கு அது வரவில்லை.

நியாயமாகச் சொன்னால், தமிழ்நாடு வேறு வாசல்களைத் திறந்திருக்கிறது. 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால், மானியம் தொழில் தொடங்கத்தான் உதவும். தொழில் நிற்பதற்குத் தொடர்ந்து வாங்கும் வாடிக்கையாளர் வேண்டும். சிறு ஊரில் ஆகப்பெரிய வாடிக்கையாளர் உள்ளாட்சிதான்.

வேப்பூரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் விருத்தாசலம். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அரசின் செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சாரத்துக்குப் பீங்கான் பியூஸ் கேரியர் என்று இங்கிருந்து போகாத ஊர் குறைவு. அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஈரத்துணியால் துடைத்து, பலகையில் வரிசையாகக் காயவைக்கும் பெண்கள்தான் இந்தத் தொழிலின் கைகள். சூளையிலிருந்து எடுக்கும்போது விரிசல் விட்டது தள்ளுபடி. பிளாஸ்டிக்கும் எம்.சி.பி.யும் வந்தபின் பியூஸ் கேரியருக்குத் தேவை சுருங்கியது. குஜராத்தின் மோர்பியோடு விலையில் மோத முடியவில்லை.

இப்படிப்பட்ட தொழிலை மீட்பது பற்றிப் பேசும்போதெல்லாம் எரிவாயு, இயந்திரம், ஏற்றுமதி என்றுதான் பேச்சு ஓடுகிறது. அவை வேண்டும். கூடவே கேட்கவேண்டியது, இனி ஒதுக்கப்படும் ஒவ்வொரு கொட்டகையும் யாருக்கு? ஈடுகாட்ட நிலம் வைத்திருப்பவருக்கே மறுபடியுமா? பத்து ஆண்டுகளாக ஓரம் சீவிய பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அலகு தொடங்க விரும்பினால், தனிச் சூளை வைக்க வசதியில்லாத அவர்களுக்குப் பொதுச் சூளையில் நாள் கிடைக்குமா? கல்வி நிறுவனத்தில் படித்து முடிக்கும் சேரிப் பையன் மேற்பார்வையாளர் வேலைக்கு வெளியூர் போவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? வளர்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டிய கேள்விகள் இவை.

"வளர்ச்சிக்கு ஏது சாதி?"

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, வளர்ச்சி வந்தால் எல்லோருக்கும் வந்து சேரும், அதில் சாதியை நுழைக்காதீர்கள் என்பது. சாதியை நுழைக்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தார்ச்சாலை ஊர்த்தெருவோடு நின்று சேரியின் முனையில் மண்சாலையாவதை இந்த மாநிலத்தில் யாருக்கும் படம் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இந்த வட்டாரத்தில் எண்ணிக்கையில் பெரிய சமூகமான வன்னியர்களிலும் பெரும்பாலோர் ஏழைகள்தானே? உண்மை. 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் 21 பேரை இழந்த சமூகம் அது. நெய்வேலியில் என்.எல்.சி. சுரங்கத்துக்குத் தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் கொடுத்தவர்களிலும், அதே நிறுவனத்துக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெற்பயிரை மண்வாரி இயந்திரம் அழித்தபோது வயிறெரிந்தவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போகும் பேருந்தில் இரு தெருக்காரர்களும்தான் ஏறுகிறார்கள். ஆனால், சந்தை ஏலமும் சாலை ஒப்பந்தமும் அந்த ஏழை வன்னியருக்கும் கிடைப்பதில்லை. ஊருக்கு ஒன்றிரண்டு குடும்பங்களுக்குத்தான் போகின்றன. சாதிப் பெருமையைச் சொல்லி ஏழையின் ஓட்டை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தைத் தன் மச்சானுக்குக் கொடுப்பவர்தான் இரு தெருவுக்கும் எதிரி. பதிவேடு வெளியே வந்தால் முதலில் கோபப்பட வேண்டியவர் ஊர்த்தெருவின் ஏழைதான்.

மூன்றாவது, ஒதுக்கீட்டில் ஒப்பந்தம் கொடுத்தால் பினாமிதான் வருவார் என்பது. வருவார். நாற்காலியிலும் முதலில் பினாமிகள் வந்தார்கள். பெண் தலைவருக்குப் பதில் கணவர் உட்கார்ந்தார். அதற்காகப் பெண்களுக்கான ஒதுக்கீட்டை யாரும் திரும்பப் பெறவில்லை. 2016-ல் அதை 50 சதவீதமாக உயர்த்தினோம்.

என்ன செய்யலாம்?

இதையெல்லாம் பேசவேண்டிய மன்றங்களே இல்லாமல் போவதுதான் ஆகப்பெரிய அநீதி. 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதே மாதம் 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள் என்ற அறிவிப்பும், பல ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் முடிவும் வந்தன. ஊர் நகரமானால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று மக்கள் மறியல் செய்தார்கள். எல்லை மாறினால் வார்டு மாறும், வார்டு மாறினால் எந்தத் தெருவின் ஓட்டு எங்கே கரையும் என்பதும் மாறும். இப்படிப்பட்ட முடிவுகளை மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத காலத்தில் எடுப்பது முறையல்ல.

அரசு செய்யக்கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. உள்ளாட்சிகளின் ஏலம், குத்தகை, ஒப்பந்தம் அனைத்தையும், யார் எடுத்தார், என்ன தொகை, எத்தனை பேர் போட்டியிட்டார்கள், முந்தைய ஐந்தாண்டுகளில் யார் எடுத்தார் என்ற விவரங்களோடு கிராமசபையிலும் நகர்ப்புறப் பகுதி சபையிலும் வாசிக்க வேண்டும். அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் துணைத் தலைவர் காரணம் சொல்லாமல் குறிப்பிட்ட நாளுக்குள் கையெழுத்திட மறுத்தால், அந்த அதிகாரம் தானாகவே வேறொரு உறுப்பினருக்கு மாற விதி வேண்டும். சிறு பணிகளில் கர்நாடகத்தைப்போல் சட்டபூர்வமான பங்கு வேண்டும். சந்தை ஏலத்தில் மகளிர் குழுக்களுக்கும் பட்டியல் சாதியினரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சொத்துச் சான்றிலிருந்து விலக்கு வேண்டும். தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் ஒரு பங்கை அந்தத் தொழிலில் கூலிவேலை பார்த்தவர்களுக்கே ஒதுக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, உங்கள் ஊரின் சந்தை, ஏரி, கடைகள் கடந்த பத்து ஆண்டுகளில் யார் பெயரில் ஏலம் போயின என்று கேளுங்கள். வரும் பட்டியலை அடுத்த கிராமசபையில் சத்தமாக வாசியுங்கள். சாதிப் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. ஊருக்கு எல்லாம் புரியும்.